கத்திரி வெயிலில் புதுச்சேரி பாரதி பூங்கா: வயதான அம்மாவை அழைத்துப் போகலாமா?

காவிரிக்கரை மகள்:
அனைவருக்கும் வணக்கம். மே இரண்டாம் வாரம் ஒரு வளைகாப்புக்காகத் திருச்சியிலிருந்து புதுச்சேரி போகிறோம். விசேஷம் முடிந்த மறுநாள் முழுவதும் கையில் இருக்கிறது. கடற்கரை, கடைவீதி என்று மற்றவர்கள் திட்டம் போடுகிறார்கள். என் அம்மா கேட்டது ஒரே ஒரு இடம், பாரதி பூங்கா. திருமணமான புதிதில், 1970களில், அப்பாவோடு அங்கே ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தாராம். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. "அந்த வெள்ளை மண்டபம் இன்னும் இருக்கிறதா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. கூடவே மூன்றாம் வகுப்பு முடித்த என் மகனும் வருகிறான். கத்திரி வெயிலில் அவர்களை அங்கே அழைத்துப் போவது சரியா? எந்த நேரம் தோதுப்படும்? அந்த மண்டபத்தைப் பற்றிப் பையனுக்கு என்ன சொல்லலாம்? அவன் எதைப் பார்த்தாலும் "இதை யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள்?" என்று கேட்கிற பிள்ளை.

முத்தியால்பேட்டைவாசி:
மண்டபம் இருக்கிறது சகோதரி. வெள்ளை வெளேரென்று பூங்காவின் நடுவில் அப்படியே நிற்கிறது. முதலில் அதை உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

கத்திரியில் வரக்கூடாது என்று சொல்லமாட்டேன். நாங்கள் எல்லோரும் இங்கேதானே இருக்கிறோம்! நேரம்தான் முக்கியம். காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது மாலை நாலரைக்கு மேல் போங்கள். நான் சொல்வது மாலை, அதற்குக் காரணம் கடற்காற்று. காலையிலிருந்து தரை காய்ந்து, அதன் மேலுள்ள காற்று இலேசாகி மேலே எழும்போது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். சாதாரண நாளில் நண்பகலை ஒட்டி வந்துவிடும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது கடற்காற்றைக் கரையேற விடாது. அப்படிப்பட்ட நாள்களில்தான் இங்கே 40 டிகிரி தாண்டுகிறது. ஆகவே அன்று மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கிழக்கிலிருந்து ஈரக்காற்று முகத்தில் பட்டால் தைரியமாக மாலைத் திட்டத்தை வைத்துக்கொள்ளலாம். மேற்கிலிருந்து அனல் அடித்தால் அம்மாவை அன்று வெளியே கூட்டி வராதீர்கள், மறுநாள் விடியற்காலைக்கு மாற்றிவிடுங்கள்.

பூங்காவுக்கும் கடலுக்கும் ஐந்து நிமிட நடைதான். பிரெஞ்சுக்காரர்கள் கட்டம் போட்டதுபோல வீதிகளை அமைத்திருப்பதால், கிழக்கு மேற்காக ஓடும் ஒவ்வொரு வீதியும் காற்றுக்கு வாய்க்கால் மாதிரி. நாலரை மணிக்குப் பூங்காவில் நிற்கும்போது அது புரியும்.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், வெளியூர்க் கூட்டம், வண்டி நிறுத்த இடமே கிடைக்காது.

மருதாணி:
நான் செவிலியர். இருபது வருடக் கோடைகளை மருத்துவமனை வார்டில் பார்த்தவள் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

கடலோர ஊரில் தெர்மாமீட்டர் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். திருச்சியில் 40 டிகிரி என்றால் வியர்வை உடனே காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். புதுச்சேரியில் 37 டிகிரியிலேயே வியர்வை காயாமல் உடம்பில் வழிந்துகொண்டே இருக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது. "தண்ணீர் வேண்டுமா அம்மா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கேட்காதீர்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை டம்ளரைக் கையில் கொடுத்துவிடுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. சர்க்கரை உள்ளவர் என்பதால் பாட்டில் குளிர்பானம், கரும்புச்சாறு பக்கம் போகவேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால், புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. மண்டபத்தைப் பார்த்ததும் கோயில் நினைவில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற அம்மாவுக்குத் தோன்றலாம். விடாதீர்கள். பல வருடச் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். வெயிலில் காய்ந்த கல் சுடுவதே தெரியாது. இரவு படுக்கும்போதுதான் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். அந்தப் புண்ணை ஆற்றுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அப்படி வந்த பாதங்களைக் கையில் பிடித்துக் கட்டுப்போட்டிருக்கிறேன்.

தலைச்சுற்றல், குமட்டல், சில்லென்ற வியர்வை வந்தால் உடனே நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பேச்சு குழறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்து ஆள் தெரியாமல் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108. அரசு பொது மருத்துவமனை பூங்காவுக்கு மிகப் பக்கத்தில்தான் இருக்கிறது. பயப்படுத்தச் சொல்லவில்லை. தயாராக இருந்தால் நிம்மதியாக உட்காரலாம்.

நெடுநாள் பயணி:
என் கருத்து வேறு. பாரதி பூங்காவைச் சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும். குழந்தையோடு வருவதானால் தாவரவியல் பூங்கா மேல். 1826இல் தொடங்கியது, பல நாட்டு மரங்கள், நிழலும் அதிகம். ஒரு முழுநாளை ஒரு மண்டபத்துக்காகச் செலவழிப்பானேன்?

முத்தியால்பேட்டைவாசி:
தாவரவியல் பூங்கா அருமையான இடம், மறுக்கவில்லை. பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கம், காலை நேரத்தில் பையனை அங்கே கூட்டிப் போகலாம். ஆனால் அவருடைய அம்மா கேட்டது அந்தப் பூங்காவை இல்லையே. ஐம்பது வருடம் மனதில் வைத்திருந்து கேட்கிறார். அதற்கு இன்னோர் இடம் ஈடாகாது.

வகுப்பறை:
சகோதரிக்கு வணக்கம். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பையனுடைய கேள்விகளுக்கு நான் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பூங்கா முதலில் பூங்காவே இல்லை. அந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை இருந்தது. லூயி கோட்டை என்று பெயர், ஐந்து கொத்தளங்களோடு 1706இல் கட்டி முடித்தார்கள். பிரெஞ்சுக் கவர்னரிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் படித்தால், அந்தக் கோட்டைக்குள் யார் எத்தனை மணிக்குப் போனார், கவர்னர் துரை என்ன சொன்னார், எத்தனை பீரங்கி போட்டார்கள் என்பதெல்லாம் கண்முன்னே நடப்பதுபோல இருக்கும். 1761 ஜனவரியில் நீண்ட முற்றுகைக்குப் பிறகு ஆங்கிலேயரிடம் நகரம் வீழ்ந்தது. அதே மாதத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையும் மறைந்தார். ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், நகரத்தையும் விட்டுவைக்கவில்லை. நகரம் திரும்பக் கைக்கு வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் அங்கே மறுபடி கோட்டை எழுப்பவில்லை. அந்த வெட்டவெளி அரசாங்கச் சதுக்கம் ஆயிற்று. இன்று அதன் வடக்கே கவர்னர் மாளிகையான ராஜ் நிவாஸ், மேற்கே சட்டப்பேரவை. புல்தரையில் பையன் ஓடும்போது, பீரங்கிகள் நின்ற மண்ணில் ஓடுகிறான் என்று சொல்லுங்கள். எட்டு வயதுப் பையனுக்கு இது பிடிக்கும்.

பெயர் பாரதியாரால் வந்தது. 1908 முதல் 1918 வரை பத்து ஆண்டுகள் இந்த ஊர்தான் அவருக்கு அடைக்கலம். ஆங்கிலேயரின் வாரண்ட் செல்லாத மண் இது.

இனி மண்டபம். இது போர் வெற்றிக்குக் கட்டியது அன்று. தண்ணீருக்குக் கட்டியது! பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலம். கடற்கரை நகரம் என்பதால் குடிநீருக்கு இங்கே பெரும்பாடு. நகரத்துக்கு மேற்கே முத்திரைப்பாளையத்தில் நல்ல ஊற்றுநீர் இருந்தது. லமைரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1863 வாக்கில் அங்கிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்த இடம் இந்தச் சதுக்கம். அதன் நினைவாக எழுந்ததுதான் ஆயி மண்டபம். பாரிஸில் வளைவு கட்டுகிற பாணியில் தூணும் வளைவுமாகக் கட்டியவர்கள், அதற்கு வைத்த பெயர் ஒரு தமிழ்ப் பெண்ணுடையது.

யார் அந்த ஆயி? 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் காலத்துக் கதையாகச் சொல்வார்கள். அரசர் இந்தப் பக்கம் வந்தபோது தூரத்தில் விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் கொண்டு இடிக்க உத்தரவிட்டாராம். அவள் கெஞ்சி அவகாசம் வாங்கி, தன் வீட்டைத் தானே இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள் என்பது கதை. அந்தக் குளத்து நீர்தான் முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நகரத்துக்கு வந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மண்டபமும் தண்ணீரும் வரலாறு. ஆயி வாய்வழியாக வந்தவள். இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள்.

கடலூர் வாசகி:
ஐயா, மரியாதையோடு ஒரு கேள்வி. "கெஞ்சி அவகாசம் வாங்கி" என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஓர் அரசர் தவறாகக் கும்பிட்டுவிட்டார். தவறு அவருடையது. தண்டனை அவளுக்கு. இந்தக் கதையைத் தியாகம் என்று சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது, அவளுக்கு நடந்த அநியாயம் காணாமல் போகிறது. பள்ளியில் இதை முதன்முதலில் கேட்டபோது என் வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது. அவள் அன்று இரவு எங்கே படுத்தாள் என்று யாரும் சொல்லவில்லை.

வகுப்பறை:
அம்மா, நீங்கள் கேட்டது நியாயம். முப்பது வருடம் இந்தக் கதையைச் சொன்னவன் நான், அவள் எங்கே படுத்தாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நீங்கள் சொன்ன வரிசையில்தான் சொல்லவேண்டும்: முதலில் அநியாயம், பிறகு குளம்.

காவிரிக்கரை மகள்:
எல்லோருக்கும் நன்றி. தாசி என்ற சொல்லைப் பையனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தயக்கமாக இருக்கிறது.

கடலூர் வாசகி:
ஆடலும் பாடலும் தெரிந்த பெண், தன் சம்பாத்தியத்தில் பெரிய வீடு கட்டியவள், அப்படிப்பட்டவர்களைச் சமூகம் தாழ்வாக நடத்தியது என்று சொல்லலாம். இதில் பொய் இல்லை. மீதியை அவன் வளர்ந்ததும் கேட்பான். ஆனால் "ஒரு நல்ல ராணி" என்றெல்லாம் மாற்றிவிடாதீர்கள்.

வேப்பங்காற்று:
யாரும் மரங்களைப் பற்றிப் பேசவில்லையே! வெயிலில் போகிறவர்களுக்கு வரலாற்றைவிட நிழல்தான் முதலில் வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையேறியது. அன்று காலை நகரத்துக்குள் நடந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. தெருவுக்குத் தெரு மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன, வீட்டு வாசலைத் திறக்க முடியவில்லை. பச்சை இலையை நசுக்கிய வாசனை ஊர் முழுக்க வீசியது. அடுத்த கோடையில்தான் எதை இழந்தோம் என்பது உடம்புக்குத் தெரிந்தது. அப்புறம் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல், ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இதையெல்லாம் தாங்கி இந்த ஊரில் இன்று ஒரு பெரிய மரம் நிற்கிறது என்றால், அதை ஒரு நிமிடம் நின்று பார்க்கவேண்டும்.

நிழலிலும் வகை உண்டு. தூங்குமூஞ்சி மரம் குடை மாதிரி பரந்து நிழல் தரும். அந்தி சாய்ந்ததும் இலைகளை மூடிக்கொள்ளும், பையனுக்குக் காட்டுங்கள். ஐந்தரைக்கு ஒரு கொத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு ஆறரைக்கு அதையே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் புயலில் முதலில் விழுவதும் அந்த வகைதான். உட்கார வேம்பும் புங்கமும் மேல். புங்க நிழலில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரும்பு இருக்கை வெயிலில் கிடந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவை உட்காரவையுங்கள். ஒரு துண்டை மடித்துப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

நெடுநாள் பயணி:
மேலே எழுதியவர்களைப் படித்த பிறகு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். இரண்டு முறை அந்தப் பூங்காவுக்குப் போயிருக்கிறேன், அது தண்ணீருக்கான மண்டபம் என்பதே எனக்குத் தெரியாது. ஏதோ பிரெஞ்சு ஜெனரலின் வெற்றிச் சின்னம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு உதவி: ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள். எந்த வாசல் பக்கம் இறக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால் அம்மா நடக்கவேண்டிய தூரம் குறையும்.

முத்தியால்பேட்டைவாசி:
வெளியே நுங்கு வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள். நல்ல இளசாகப் பார்த்து வாங்கவேண்டும். கட்டைவிரலை உள்ளே விட்டால் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், விரல் எதிர்த்தால் முற்றியது. பூங்காவில் டிக்கெட் எதுவும் இல்லை, நிதானமாக உட்காரலாம். மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், அம்மாவால் முடிந்தால் மெதுவாக அங்கே போங்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை.

போய் வந்ததும் கட்டாயம் எழுதுங்கள்.

காவிரிக்கரை மகள்:
போய் வந்துவிட்டோம். அம்மா நலம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் மேற்குக் காற்று. மதியம் மாடிக்குப் போனேன், அடுப்படியில் முகத்தைக் காட்டியதுபோல இருந்தது. முத்தியால்பேட்டை அண்ணன் சொன்னபடி திட்டத்தை நிறுத்திவிட்டேன். ஊர் திரும்புவதை ஒருநாள் தள்ளிப்போட்டோம், வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் வருத்தம்தான். மறுநாள் ஒன்றரை மணிக்கே கிழக்கிலிருந்து காற்று வந்துவிட்டது. நாலே முக்காலுக்குப் பூங்காவில் இருந்தோம்.

அம்மா மண்டபத்தைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றப் போனார், மருதாணி அவர்கள் எழுதியது அந்த நொடியில் நினைவுக்கு வந்தது, கையைப் பிடித்துத் தடுத்தேன். பிறகு அப்பாவோடு உட்கார்ந்த இடத்தைத் தேட ஆரம்பித்தார். அப்போது அங்கே ஓர் இருக்கை இருந்ததாம், பக்கத்தில் ஒரு பெரிய மரம். இன்று அந்த அடையாளம் எதுவும் இல்லை. மரம் தானே புயலில் போயிருக்கலாம், அதற்கு முன்பே போயிருக்கலாம். நான் ஒரு நல்ல நிழலைக் காட்டி "இங்கே உட்காரலாம் அம்மா" என்றேன். "இது இல்லை" என்றார். இன்னோர் இடம், "இதுவும் இல்லை." முழங்கால் வலியோடு அந்த வெயிலில் நடக்கிறாரே என்று எனக்குப் பதைபதைப்பு.

திடீரென்று நின்று கண்ணை மூடிக்கொண்டார். "காற்று வலது கன்னத்தில் பட்டது. மண்டபம் நேர் எதிரே. அதற்குப் பின்னால் கவர்னர் மாளிகை" என்றார். வகுப்பறை ஐயா ராஜ் நிவாஸ் வடக்கே என்று எழுதியிருந்தார் அல்லவா? கடல் கிழக்கே. ஆகவே வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். மண்டபத்தின் தெற்குப் பக்கம் கூட்டிப் போய், வடக்கு முகமாக நிறுத்தினேன். காற்று வலது கன்னத்தில் பட்டது. "இங்கேதான்" என்றார்.

இருக்கை இல்லாததால் அங்கிருந்த மரத்தடியில் துண்டை விரித்து உட்காரவைத்தேன். எழுந்திருக்கச் சிரமப்படுவாரே என்று பயந்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் எழுந்திருக்கவே இல்லை. நீர்மோரை நான் கொடுத்த போதெல்லாம் மறுக்காமல் குடித்தார்.

ஆயியின் கதையைப் பையனுக்கு நான்தான் சொன்னேன், கடலூர் வாசகி சொன்ன வரிசையில். அநியாயம் முதலில். அவன் கேட்ட முதல் கேள்வி "ராஜா ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை?" என்பது. அம்மாவுக்கும் இந்தக் கதை புதிது. ஐம்பது வருடத்துக்கு முன்பு அதே மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அது ஒரு பெண்ணின் பெயரில் இருப்பது அவர்கள் இருவருக்குமே தெரியாதாம். "தெரிந்திருந்தால் உன் அப்பா ஊரெல்லாம் சொல்லியிருப்பார்" என்றார்.

வேப்பங்காற்று அவர்களுக்கு: தூங்குமூஞ்சி இலைகள் மூடியதைப் பையன் பார்த்துவிட்டான். இரண்டு முறை ஓடிப்போய்ப் பார்த்தான்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அந்த முத்திரைப்பாளையம் எங்கே இருக்கிறது, அங்கிருந்து இன்றும் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அம்மாவுக்கும் பார்க்க ஆசை.

முத்தியால்பேட்டைவாசி:
படித்து மனம் நிறைந்தது சகோதரி. முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்கு இன்றும் குடிநீர் வருகிறது. நீங்கள் தங்கியிருந்த வீட்டுக் குழாயிலும் அது வந்திருக்கலாம், பையனிடம் சொல்லுங்கள். அடுத்த முறை தை மாதம் வாருங்கள். வெயில் தாழ்ந்திருக்கும், அம்மாவை அங்கேயும் அழைத்துப் போகலாம்.